பின்னேரம் மூன்று மணிக் காய்ச்சல்

என் உத்தியோக காலத்தில் எத்தனை கம்ப்யூட்டர்களைக் குளிர வைத்தேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. எத்தனை பேரைச் சூடாக்கினேன் என்பதை நான் கணக்கு வைக்கத் தேவையில்லை. திருகோணமலைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் அவர்களே வழிமறித்து ஞாபகப்படுத்துவார்கள்.

எங்கள் கணினி திருத்துவோர் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பிமார் இரண்டு பேர் போன கிழமை வீட்டுக்கு வந்தார்கள். அறிவுரை சொல்லுமளவுக்கு நான் ஒன்றையும் ஒழுங்காகச் செய்தவன் இல்லை என்றேன். "அப்ப செய்த பிழையளை எழுதுங்கோ அண்ணை" என்றார்கள். அதற்கு ஒரு மலர் போதாது.

இப்போது வருகிற பெட்டிகளுக்குள் குழாயில் தண்ணீர் ஓடுகிறது. திருவிழாப் பந்தல் மாதிரி நிறம் மாறி விளக்கு எரிகிறது. புரொசசரின் சூட்டைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். வந்த தம்பிமாரில் ஒருவர் கேட்டார், "உங்கட காலத்திலை சூட்டை எதாலை பாத்தனீங்கள்?"

"புறங்கையாலை."

அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தோம். அதன்பின் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, எரிந்துபோன ஃபான்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். கின்னியாவைச் சேர்ந்த அனீபா நானா பஸ் நிலையத்துக்குக் கிட்டக் கம்ப்யூட்டர் கடை திறந்தபோது வேலை கேட்டுப் போனேன்.

"கம்ப்யூட்டரப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"அதுக்குள்ளை ஒரு ஃபான் இருக்கெண்டு தெரியும்."

நானா ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அது போதும். இஞ்ச வாற வருத்தத்துல பாதி அதாலதான்."

படிப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பரீட்சை.

நானாவின் வேலை முறையைச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல ஏலாது. ஒரு பெட்டி கடைக்கு வந்தால் அவர் உடனே அதைத் தொடமாட்டார். ஒரு வெறுந்தேத்தண்ணி குடிப்பார். குடித்து முடியும்வரை ஸ்குரூ டிரைவர் அவருடைய சேர்ட் பையிலேயே இருக்கும். பிறகு புறங்கையைப் பெட்டியின் பக்கத்தில் வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. வைத்த கையை எடுக்காமலே சொந்தக்காரரிடம் மூன்று கேள்வி கேட்பார். வீட்டில் இதை எங்கே வைத்திருக்கிறீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது, இதைத் துடைப்பவர் யார். அந்த மூன்றுக்கும் மறுமொழி கிடைக்காமல் பெட்டியைத் திறந்த நாள் ஒன்றை நான் காணவில்லை. ஒரு முறை ஒருவர், "கண்ணாடி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டி, லேஸ் துணியாலை மூடி வைச்சிருக்கிறன்" என்று பெருமையோடு சொன்னார். நானா ஸ்குரூ டிரைவரை எடுக்கவே இல்லை. "அலுமாரிப் பூட்டுத் துறப்ப மட்டும் கொண்டாங்க" என்றார்.

திறந்தபின் கழற்றும் ஸ்குரூக்களை ஐஸ்கிரீம் கப் மூடிகளில் வரிசையாக வைப்பார். முதலில் கழன்றது கடைசி மூடியில். தூசு ஊதும்போது ஃபானை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், ஊதுகிற வேகத்தில் அது சுற்றிப் பழுதாகக் கூடாது. சூட்டைக் கடத்தும் பேஸ்டில் பழையதை ஸ்பிரிட் நனைத்த துணியால் புரொசசரில் முகம் தெரியுமட்டும் துடைக்க வேண்டும். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பச்சரிசி அளவு. அதற்குமேல் சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கை வைத்து, ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்க வேண்டும்.

என் முதல் பரீட்சையில் இந்தப் பச்சரிசி அளவு எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. கொஞ்சம் குளிர்ச்சி என்றால் நிறையப் பூசினால் நிறையக் குளிர்ச்சிதானே. நான்கு பக்கமும் வழிய வழியப் பூசினேன். நானா எட்டிப் பார்த்தார். "நான் பாணுக்கு ஜாம் பூசச் செல்லல்ல தம்பி" என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. அன்றைக்குப் பின்னேரம் தேத்தண்ணியோடு எனக்கு ஒரு துண்டுப் பாணும் ஜாமும் வாங்கி வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டு முடிக்க எனக்குச் சரியாக அரை மணித்தியாலம் பிடித்தது.

இரண்டாவது பரீட்சை இன்னும் மோசம். ஒரு புது ஹீட்சிங்கை நூல் பிடித்த மாதிரிப் பூட்டினேன். பச்சரிசி அளவு, மூலைக்கு மூலை, எல்லாம் சரி. பெட்டியைப் போட்ட ஐந்தாவது நிமிடம் அது நெருப்பாகக் கொதித்தது. அடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை நான் உரிக்கவில்லை. நானா அந்த உறையை உரித்து, என் சேர்ட் பையில் வைத்து, மேலே தட்டிவிட்டார். பல வருடம் அது என் பேர்ஸுக்குள் இருந்தது. என் மனைவி அது ஏதோ சாமிப் படத்தின் உறை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனி உப்புவெளி வதனியின் கதை. இதை முழுவதும் எழுதவேண்டும், இதில் எனக்கு நடந்த அவமானத்துக்கு வேறு சாட்சி வாய் திறக்காது.

அப்போது நானா கடைக்கு வருவதை நிறுத்திக் கின்னியாவில் வீட்டோடு இருந்தார். கடை என் கையில். கார்த்திகை மாதம், மழை விட்டுப் பெய்யாமல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வதனி தொலைபேசி எடுத்தார். வீட்டிலிருந்தபடியே, வெளிநாட்டு நிறுவனங்கள் கட்டப்போகிற வீடுகளை முன்கூட்டியே படமாக உருவாக்கித் தருகிறவர். சுவர், யன்னல், வெயில், சோபாவில் விழும் நிழல் எல்லாம் உண்மைப் படம் மாதிரி இருக்கும். அந்தப் படம் ஒன்றை உருவாக்கக் கம்ப்யூட்டர் ஏழு மணித்தியாலம் மூச்சு வாங்காமல் வேலை செய்யவேண்டும். சும்மா கடிதம் அடிக்கும்போது புரொசசர் கதிரையில் சாய்ந்திருக்கும் கிளாக்கர். இந்த வேலையில் அது துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நாட்டாமை. மூச்சு விட வழி இல்லாவிட்டால் விழுந்துவிடும்.

வதனியின் நாட்டாமை விழுந்துகொண்டிருந்தார்.

"காலமை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் நல்லா ஓடுது அண்ணை. பின்னேரம் மூண்டு, மூண்டேகாலுக்குச் சூடாகித் தானா நிண்டுபோகுது. நாலு மணிக்கு முடியவேண்டிய படம். திரும்ப முதலிலை இருந்து ஓட்டவேணும். போன கிழமை மூண்டு நாள் இதே கதை."

"இரவிலை ஓட்டிப் பாத்தனீங்களோ?"

"பொழுதுபட்டால் மாமா பிளக்கைக் கழட்டிப்போடுவார். இடி மின்னலுக்கு ரெண்டு ரி.வி. போன வீடு இது."

அவசரம் என்னவென்றும் சொன்னார். ஒரு நிறுவனம் பரீட்சைக்காக ஒரு படம் கேட்டிருந்தது. வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும். பிடித்தால் நிரந்தர வேலை. அவருடைய கணவர் கட்டாரிலிருந்து விடுமுறையில் வரவிருந்தார். இந்த வேலை கிடைத்தால் அவர் தை மாதம் திரும்பிப் போகத் தேவையில்லை.

"யோசிக்காதேங்கோ. அரை மணித்தியால வேலை" என்றேன். இந்த வசனத்தை நான் சொன்ன எந்த வேலையும் மூன்று நாளுக்குள் முடிந்ததில்லை.

கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் வீடு. கதவைத் திறந்தவர் வதனியின் மாமனார் கந்தையா ஐயா. துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து இளைப்பாறியவர். மடிப்புக் கலையாத சாரம், மடிப்புக் கலையாத முகம். வீடு துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாழ்ந்த பலகையில் நின்றது. மேல் மூடியில் வலை, வலைக்குக் கீழே சூட்டை வெளியே தள்ளும் இரண்டு ஃபான். நெற்றியில் சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு.

"படம் கீறுறதுக்கு இவ்வளவு சூடு வருமோ தம்பி?" என்று ஐயா என்னைக் கேட்டார். "நாங்கள் முப்பது வருசம் ஸ்டோரிலை வேலை செய்தனாங்கள். பென்சில் சூடாகினதே இல்லை."

வதனி என்னைப் பார்த்து, இது தினமும் நடப்பதுதான் என்பது போல் கண்ணை மூடித் திறந்தார்.

பெட்டியைத் திறந்தேன். மேல் ஃபான்களின் இதழ்களிலும் அடித்தட்டிலும் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. அதைக் கண்டதும் எனக்குள் இருந்த பேராசிரியர் எழுந்துவிட்டார். கடற்காற்றில் வரும் உப்பு உலோகத்தை எப்படித் தின்னும் என்று கால் மணித்தியாலம் விளக்கினேன். ஐயா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், அவ்வளவு ஆர்வமாக என்னை யாரும் கேட்டதில்லை. "ஓம் தம்பி, உப்புத்தான், உப்பேதான்" என்று எடுத்துக் கொடுக்கவும் செய்தார். மேல் ஃபான் காற்றை வெளியே தள்ளுகிறது, அந்த வழியால் கடலுப்பு எப்படி உள்ளே வரும் என்ற கேள்வி, ஃபான் சுற்றிப் பிழைத்த எனக்குத் தோன்றவில்லை.

சுத்தம் செய்தேன், பச்சரிசி அளவு வைத்தேன், மூலைக்கு மூலை இறுக்கினேன். போகும்போது கடற்பக்கத்து யன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய பேப்பர் திணித்துவிட்டுப் போனேன்.

அடுத்த நாள் பெட்டி வழக்கத்தைவிட இருபது நிமிடம் முந்தி நின்றது.

புதன்கிழமை அதை ஓட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். சோதனை மென்பொருள் ஒன்றைப் போட்டு, காலையிலிருந்து பின்னேரம் வரை நாட்டாமையின் தலையில் முழு மூட்டையும் ஏற்றி வைத்தேன். மூன்று மணி வந்தது, போனது. நாலு மணி. எழுபத்தைந்து பாகைக்கு மேல் ஏறவில்லை. வதனியின் படத்தையே அங்கே ஓட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் புத்தி இருந்திருந்தால் நான் ஏன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

பின்னேரம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். வதனி ஒன்றும் குறை சொல்லவில்லை. "நாளைக்கு ஒருக்காத்தான் ஓட்டலாம் அண்ணை, இல்லையோ" என்று மட்டும் கேட்டார். குறை சொல்லியிருக்கலாம்.

நேரே கின்னியா பஸ் ஏறினேன். நானா சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி சரியில்ல. போனது மெசினா, ஆளா?"

"மெசின் நானா. கடையிலை ஓடுது, வீட்டை போனால் மூண்டு மணிக்கு நிக்குது."

"எங்க வச்சிரிக்கி?"

"உப்புவெளியிலை, கடற்கரைக்குக் கிட்ட."

"நான் ஊரக் கேக்கல்ல."

"மேசைக்குப் பக்கத்திலை, ஒரு தாழ்ந்த பலகையிலை."

"பக்கத்துல என்ன இரிக்கி?"

"ஒண்டும் இல்லை. அவ்வளவு சுத்தம்."

"நீ போற நேரம் சுத்தம்" என்றார் நானா. "ஆர் தொடைக்கிற?"

"மாமனார்."

நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உள்ளுக்கு என்ன கிடந்திச்சி?"

"வெள்ளைத் தூள். கடலுப்பு."

"நக்கிப் பாத்தயா?"

நான் அவர் கீழே வைத்த கோப்பையைப் பார்த்தேன்.

"பொறந்ததுல இருந்து கடலுக்குப் பக்கத்துல இரிக்கிறாய்" என்றார் நானா. "உப்பெண்டு செல்ல முந்தி நக்கிப் பாக்கத் தெரியல்ல."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை எட்டரைக்கே உப்புவெளியில் நின்றேன். வதனி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினேன். திங்கட்கிழமை நான் சுத்தம் செய்தபின் புதிதாக விழுந்த வெள்ளைத் தூள் அடித்தட்டில் கொஞ்சம் கிடந்தது. விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரிக்கவில்லை. சோக்கட்டி மாதிரி நாக்கில் ஒட்டியது, பின்னால் ஒரு பசை மணம். அந்த நேரம் பார்த்து ஐயா அறைக்குள்ளிருந்து வந்தார். நாக்கை நீட்டியபடி கம்ப்யூட்டருக்குள் குனிந்திருக்கும் ஒரு வளர்ந்த மனிதனைக் கண்டார். வந்த வழியே திரும்பிப் போனார்.

ஒன்பது மணிக்குப் படம் ஓடத் தொடங்கியது. நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டேன். பத்து மணி, எழுபத்தெட்டு பாகை. பன்னிரண்டு மணி, எண்பது. வதனி மத்தியானச் சாப்பாடு தந்தார், சூடை மீன் பொரியலும் புளிச்சாறும். இரண்டேகாலுக்கு அவருடைய மகள் பள்ளிக்கூடம் விட்டு மழையில் நனைந்து வந்தாள். அவள் உள்ளே போனதும் ஐயாவுக்கு ஏதோ செய்தது. விறாந்தைக்குப் போவார், வருவார். கையைப் பின்னால் கட்டுவார், என்னைப் பார்ப்பார்.

"தம்பிக்கு வீட்டை தேடமாட்டினமோ?"

"தேடுறதுக்கு அங்கை ஒருத்தரும் இல்லை ஐயா. மனுசி தங்கச்சி வீட்டை போட்டா."

"கடை?"

"பூட்டிப்போட்டு வந்தனான்."

ஐயா மறுபடி விறாந்தைக்குப் போனார். அங்கே பைப்பில் எதையோ தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. நான் போகத்தான் அவர் காத்திருக்கிறார் என்று விளங்கியது. இரண்டே முக்காலுக்கு எழுந்து, கேட்கவேண்டியவருக்குக் கேட்கும்படி, "அப்ப நான் போட்டு வாறன் பிள்ளை" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டினேன். வதனி கணவரோடு கதைக்கத் தொலைபேசியோடு அறைக்குள் போனார். நான் பக்கத்து வளவால் சுற்றிக் குசினி வாசலால் உள்ளே வந்து, நிலையோடு ஒட்டி நின்றேன். கோழி களவெடுக்க வந்தவன்கூட இப்படி நின்றிருக்கமாட்டான்.

ஐயா ஒரு துணியில் இரண்டு சப்பாத்துகளை ஏந்திக்கொண்டு வந்தார், தீபத்தட்டு கொண்டுவருவது போல. பேத்தியின் பள்ளிக்கூடச் சப்பாத்து. துணிச் சப்பாத்து, கழுவி, ஈரம் சொட்டாமல் பிழிந்து, வெள்ளை பூசி. பெட்டியின் முன் நின்றார். வலக்கையால் சந்தனப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

"பொறுத்துக்கொள் தாயே, முக்கால் மணித்தியாலம்" என்றார்.

பிறகு சப்பாத்துகளை வாய் கீழே பார்க்க வலையில் கவிழ்த்தார். ஒன்று இந்த ஃபானுக்கு, மற்றது அந்த ஃபானுக்கு. அளவெடுத்துச் செய்த மூடி மாதிரிப் பொருந்தின. சுற்றிவர இருந்த வெளிக்கு அந்தத் துணியையும் போர்த்தினார், சூடு வீணாகக்கூடாது என்று.

"ஐயா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "தம்பி இன்னும் போகேல்லையோ."

"குடையை விட்டுட்டுப் போட்டன்."

"குடை கையிலை கிடக்கு."

"அதைத்தான் எடுக்க வந்தனான்."

சப்பாத்துகளுக்குக் கீழே ஃபான்கள் மூச்சுத் திணறின.

"எவ்வளவு நாளா ஐயா?"

"மழை துவங்கினதிலை இருந்து." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுப்படியிலை வைச்சால் புகை மணக்குது. ஃபானுக்குக் கீழை வைச்சால் விடியவும் ஈரம். பள்ளிக்கூட வாசலிலை சப்பாத்துப் பாக்கினம் தம்பி. ஊத்தையெண்டால் வெளியிலை நிப்பாட்டி வைப்பினம். இவ வகுப்புத் தலைவி. இதிலை வைச்சால் பெருவிரல் நுனி வரைக்கும் காயும்."

"படம் நிக்கிறது இதாலைதான்."

"சப்பாத்தாலையோ?" அவர் உண்மையாகவே திகைத்தார். "நான் நினைச்சனான், அவ ஓயாமல் படம் கீறுறதாலை மெசின் களைச்சுப் போகுதெண்டு."

"மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டை தூக்கச் சொன்னால் நாட்டாமை விழுவான்தானே ஐயா."

துறைமுகத்தில் இருந்தவருக்கு இது உடனே விளங்கியது. திரையைப் பார்த்தார். தொண்ணூற்றாறு பாகை. நூறில் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

"இண்டைக்கு நிண்டால்?"

"அந்த வேலை போகும். போனால் தை மாசம் உங்கட மகன் திரும்பக் கட்டாருக்கு."

ஐயா துணியை இழுத்து எறிந்து, சப்பாத்துகளை இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கின வேகத்தில் ஒன்று என் நெஞ்சில் பட்டு வெள்ளை அடித்தது. அதைத் துடைத்துவிட்டபடி கேட்டார், "பிள்ளைக்குச் சொல்லப்போறீரோ?"

"படம் நிண்டதையோ, சரஸ்வதிக்கு மேலை சப்பாத்து வைச்சதையோ?"

"ரெண்டாவதை."

நான் சொல்லமாட்டேன் என்றேன். அவரும் காலையில் நான் கம்ப்யூட்டரை நக்கியதை யாருக்கும் சொல்வதில்லை என்றார். இரண்டு பேரும் மனதாரச் சம்மதித்தோம்.

சூடு தொண்ணூற்றிரண்டில் நின்று இறங்க மறுத்தது. பெட்டி கக்கிய சூடு போக வழி இல்லாமல் அதே அறைக்குள் சுற்றியது. கடற்பக்கத்து யன்னலை நான்தானே அடைத்தேன். திணித்த பேப்பர்களை நானே ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஐயா பக்கத்தில் நின்று, "உப்பு வராதோ தம்பி?" என்று கேட்டார். அதைக் கேட்கும்போது முகத்தில் ஒரு மடிப்பும் கலையவில்லை.

யன்னல் திறந்தபின் எனக்கு ஒரு யோசனை வந்தது. சூடு எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும். போகிற வழியில் அது சப்பாத்தைப் பார்த்துவிட்டுப் போனால் யாருக்கு நட்டம். "ஒரு காட்போட் பெட்டி வேணும் ஐயா, கொஞ்சம் டேப்பும்." ஸ்டோர் கீப்பரின் வீட்டில் எல்லாம் இருக்கும், கேட்டால்தான் வரும். பிஸ்கட் பெட்டி, டேப், கத்தி, சணல், அளவுக் கோல், ஏதும் எழுத வேண்டுமென்றால் காதில் பென்சில்.

பெட்டியின் இரு முனையையும் வெட்டித் திறந்தோம். ஒரு முனை மேல் வலை முழுவதையும் தாராளமாகத் தழுவி நின்றது, மறுமுனை சரிந்து யன்னல் பக்கம் போனது. காற்றுக்கு எங்கேயும் ஒடுங்கும் இடம் இருக்கக்கூடாது என்று நான் சொன்னதும், ஐயா வாயை இன்னும் இரண்டு விரல் அகலமாக வெட்டினார். அந்த வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு ஸ்டூல், ஸ்டூலில் குசினியில் கோப்பை கவிழ்க்கும் கம்பித் தட்டு, தட்டில் சப்பாத்து. புறங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூட்டில் காற்று வந்தது. ஐயாவும் தன் புறங்கையை வைத்தார்.

"எண்பத்தொண்டு" என்றார் திரையைப் பார்த்து.

வதனி அறையை விட்டு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பிஸ்கட் பெட்டியின் இரு பக்கமும் காவல் தெய்வங்கள் மாதிரி நின்றோம்.

"இது என்ன அண்ணை?"

"சூடான காத்தை வெளியேத்திற ஒழுங்கு."

"உங்கட சேர்ட்டிலை என்ன வெள்ளை?"

"உப்பு" என்றார் ஐயா.

"அந்தத் தட்டு?"

நான் வாயைத் திறக்க முதல் ஐயா சொன்னார், "காத்து வருகுதோ எண்டு பாக்கிறதுக்கு."

வதனி தட்டில் இருந்த சப்பாத்துகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார், அதற்குப் பிறகு வேறெதையும் பார்க்கவில்லை. மூன்று மணி எப்போதோ தாண்டியிருந்தது. மூன்றேகால் தாண்டியது. மூன்றரைக்கு ஐயா கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே தேவாரம் முணுமுணுத்தார். சூட்டில் கொஞ்ச நேரம் வேகம் குறைந்திருந்ததால் நாலு மணிக்கு முடியவில்லை. நாலேகாலுக்கு முடிந்தது. ஒரு வெளிநாட்டு வீட்டின் வரவேற்பறை, யன்னலால் வெயில் விழுந்து நிலத்தில் நீளமாகக் கிடந்தது. எங்கள் யன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படம் இணையத்தில் ஏறி முடிய நாலே முக்கால்.

வதனி இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஐயா கம்பித் தட்டுக்குப் போய், ஒரு சப்பாத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார்.

அடுத்த கிழமை மறுமொழி வந்தது. வேலை வதனிக்குத்தான். தை பிறந்தது, அவருடைய கணவர் கட்டாருக்குப் போகவில்லை. நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்து, பின்னேரம் வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றுவதா வேண்டாமா என்று தகப்பனோடு வாதாடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

பங்குனி மாதம் பெட்டியைச் சுத்தம் செய்ய மறுபடி போனேன். வெளியே கண் கூசும் வெயில், பள்ளிக்கூடச் சப்பாத்து வளவில் கல்லின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. பிஸ்கட் பெட்டி இன்னும் அதே இடத்தில் நின்றது. ஐயா அதற்கும் சப்பாத்து வெள்ளை பூசியிருந்தார்.

"ஒரு புதினம் அண்ணை" என்றார் வதனி. "மாமா ஒவ்வொரு நாளும் விடியக் கேக்கிறார், இண்டைக்குப் பெரிய வேலை இருக்கோ பிள்ளை எண்டு. கலியாணம் கட்டி வந்ததிலை இருந்து என்ரை வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"முதல் நினைச்சன் சப்பாத்துக்குத்தான் கேக்கிறார் எண்டு" என்றார் வதனி. "நீங்களும் மாமாவும் இனி ஒளிக்கத் தேவையில்லை. வலையிலை ரெண்டு வெள்ளைச் சப்பாத்து அடையாளம் அண்டைக்கே கண்டனான். ஆனால் இப்ப மழையும் இல்லை, தட்டிலை ஒண்டும் இல்லை. அப்பவும் கேக்கிறார்."

பின்னால் இருமல் சத்தம் கேட்டது. ஐயா ஒரு கொப்பியோடு நின்றார். ஸ்டோரில் பிடித்த மாதிரி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, இப்ப சூடு எவ்வளவு?"

திரையைப் பார்த்தேன். "எழுபத்தெட்டு ஐயா."

அவர் கொப்பியை விரித்து, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நேற்று இந்த நேரம் எழுபத்தாறு. ரெண்டு பாகை ஏன் கூடினதெண்டு சொல்லிப்போட்டுப் போம்."